கிரிப்பனும் கம்பியில்லாத் தந்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1910இல் லண்டனை உலுக்கிய கிரிப்பன் கொலை வழக்கையும், மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியையும் சேர்த்து எங்கே பேசினாலும் எனக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் கதையும் பிடிபடும்.

கிரிப்பன் யார்? டாக்டர்னு சொல்றாங்களே, நிஜமாவே டாக்டரா?

ஹாலி ஹார்வி கிரிப்பன் 1862இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்காவிலேயே ஹோமியோபதி படித்துப் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தை வைத்து இங்கிலாந்தில் மருத்துவராகத் தொழில் செய்ய முடியாது. விளம்பரம் கொடுத்து மருந்து விற்கும் நிறுவனங்களிலும், காது கேளாதவர்களுக்கு வைத்தியம் என்று சொல்லி நடந்த ஒரு நிலையத்திலும் வேலை பார்த்தார். பல் வைத்தியத் தொழிலிலும் பங்கு இருந்தது. குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, தொங்கு மீசை, அதிராத பேச்சு. அவரைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் சாதுவான மனிதர் என்றே சொன்னார்கள்.

மனைவி கோரா, மேடைப் பெயர் பெல் எல்மோர். பாடகியாக வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர். 1905 முதல் இருவரும் லண்டனில் ஹில்டிராப் கிரசன்ட் என்ற தெருவில் 39ஆம் எண் வீட்டில் குடியிருந்தார்கள். அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த எத்தெல் லெ நீவ் என்ற இளம்பெண்ணோடு கிரிப்பனுக்கு உறவு இருந்தது.

கோரா காணாமப் போனதைப் போலீஸ் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

போலீஸ் கண்டுபிடிக்கவில்லை, தோழிகள் கண்டுபிடித்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். மேடைக் கலைஞர்களில் நலிந்தவர்களுக்கு உதவும் ஒரு மாதர் சங்கத்துக்குக் கோரா பொருளாளர். 1910 ஜனவரி 31 இரவு மார்டினெட்டி தம்பதியை விருந்துக்கு அழைத்து உபசரித்தார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாளில் சங்கத்துக்கு ராஜினாமாக் கடிதம் வந்தது. அவசரமாக அமெரிக்கா போகிறேன் என்று எழுதியிருந்தது, ஆனால் கையெழுத்து கோராவுடையது இல்லை.

பிப்ரவரியில் நடந்த ஒரு நடன விருந்துக்குக் கிரிப்பன் எத்தெலை அழைத்து வந்தார். எத்தெலின் மார்பில் கோராவின் நகை இருந்தது. அந்த நகையை நன்றாகத் தெரிந்த பெண்கள் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் கோரா கலிஃபோர்னியாவில் நிமோனியாவால் இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. தோழிகள் நம்பவில்லை. எந்த ஊரில், யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கடிதம் எழுதினார்கள். ஜூன் 30ஆம் தேதி பாடகி லில் ஹாதார்னும் அவர் கணவரும் லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்று முறையிட்டார்கள். ஐந்து மாதம் ஒரு தோழியை விட்டுக்கொடுக்காமல் இருந்த அந்தப் பெண்கள் இல்லையென்றால் கம்பியில்லாத் தந்திக்கு இந்தக் கதையில் வேலையே இருந்திருக்காது.

போலீஸ் வந்ததும் ஏன் ஓடினார்? ஓடாம இருந்தா தப்பிச்சிருப்பாரோ?

தப்பித்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. தலைமை ஆய்வாளர் வால்டர் டியூ ஜூலை 8 அன்று வந்து விசாரித்தார். மனைவி இன்னொருவரோடு போய்விட்டாள், அவமானத்துக்குப் பயந்து செத்துவிட்டதாகச் சொன்னேன் என்றார் கிரிப்பன். டியூ ஓரளவு நம்பிவிட்டார் என்றே தெரிகிறது. வீட்டையும் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாளே கிரிப்பனும் எத்தெலும் மறைந்தார்கள். சில விவரங்களைச் சரிபார்க்க ஜூலை 11 அன்று திரும்பி வந்த டியூவுக்கு அதுதான் உறைத்தது. மறுபடி மறுபடி தேடியதில் 13ஆம் தேதி, நிலக்கரி போட்டுவைக்கும் நிலவறையின் செங்கல் தளத்துக்கு அடியில் மனித உடலின் பகுதிகள் கிடைத்தன. தலை இல்லை, கை கால் இல்லை, எலும்பே இல்லை.

இதுல மார்க்கோனி எங்க வர்றார்? அவருக்கும் கிரிப்பனுக்கும் பழக்கமா?

பழக்கம் எதுவும் கிடையாது. இரண்டு பேருடைய வாழ்க்கையும் ஒரு கப்பலின் தந்தி அறையில் சந்தித்துக்கொண்டன, அவ்வளவுதான். மார்க்கோனி 1874இல் போலோன்யாவில் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் அயர்லாந்துக்காரர். 1895இல் குடும்பத்தின் பண்ணை வீட்டில் சோதனைகள் நடத்தினார். ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் சமிக்ஞை போய்ச் சேர்ந்ததும், கேட்டுவிட்டது என்று தெரிவிக்க அங்கிருந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். 1896இல் இங்கிலாந்து வந்து காப்புரிமை கேட்டார். மறு ஆண்டே நிறுவனம் தொடங்கிவிட்டார். அப்போது வயது 23.

1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்ட்யூவில் இருந்து அனுப்பிய ‘எஸ்’ என்ற எழுத்தின் மூன்று புள்ளிகளை, அட்லான்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கட்டிய கம்பி வழியாகக் கேட்டதாக அறிவித்தார். அதைக் கேட்டவை அவருடைய காதும் உதவியாளர் கெம்பின் காதும் மட்டுமே. பதிவு எதுவும் இல்லை. அதனால் அப்போதே பலர் நம்ப மறுத்தார்கள், இன்றும் விவாதம் ஓயவில்லை. பிறகு ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டி, 1907இல் அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் இடையே வணிகச் சேவையைத் தொடங்கினார். 1909இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்த மறு ஆண்டுதான் கிரிப்பன் கப்பல் ஏறினார்.

கப்பல்ல இருந்து ஃபோன் மாதிரி பேசினாங்களா?

பேச்சு கிடையாது, மோர்ஸ் குறிதான். இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே உயர் மின்னழுத்தத்தில் தீப்பொறி பாயும். அந்தப் பொறி, பாய்மரக் கம்பங்களுக்கு இடையே கட்டிய ஏரியலில் மின்சாரத்தை அதிரவைக்கும். அந்த அதிர்வு அலையாகப் பரவும். தந்திக் கருவியின் விசையைச் சிறிது அழுத்தினால் புள்ளி, நீட்டி அழுத்தினால் கோடு. பொறி பாயும்போது சடசடவென்று பெரிய சத்தம் கேட்கும்.

வாங்கும் பக்கத்தில் அப்போது அதிகம் இருந்தது மார்க்கோனியின் காந்த உணர்கருவி. கடிகாரம் போலச் சாவி கொடுத்துச் சுழலவிடும் இரும்புக்கம்பி வடம் காந்தங்களைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கும். அலை வந்தால் காதுக்கருவியில் கேட்கும். இன்னொரு விஷயம்: கப்பலில் உட்கார்ந்து தந்திக் கருவியை இயக்கியவர் கப்பல் கம்பெனியின் ஆள் இல்லை. கருவியும் ஆளும் மார்க்கோனி நிறுவனத்துடையவை.

கேப்டன் எப்படி அவங்களை அடையாளம் கண்டார்?

கிரிப்பனும் எத்தெலும் பெல்ஜியம் போய், ஜூலை 20 அன்று ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் மாண்ட்ரோஸ் என்ற கப்பலில் ஏறினார்கள். கனடாவின் கியூபெக் போகும் கப்பல். பெயர் ராபின்சன், அப்பாவும் மகனும். கிரிப்பன் மீசையை எடுத்துவிட்டார், கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எத்தெல் முடியை வெட்டிப் பையன் உடை போட்டிருந்தார்.

கேப்டன் ஹென்றி கெண்டல் கூர்மையான ஆள். படகுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவும் மகனும் கையைக் கோத்து அழுத்திக்கொண்டதைப் பார்த்தார். மகனின் கால்சட்டை பின்பக்கம் பிரிந்து ஊக்கு குத்தியிருந்தது. தொப்பி பெரிதாக இருந்ததால் உள்ளே காகிதம் அடைக்கப்பட்டிருந்தது. அப்பாவின் மூக்கில் கண்ணாடி அழுந்திய தடம். பத்திரிகையில் வந்த கிரிப்பன் படத்தில் மீசையைச் சுண்ணக்கட்டியால் மறைத்துப் பார்த்தார். ‘மிஸ்டர் ராபின்சன்’ என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் உடனே திரும்பவில்லை. இத்தனைக்கும் கெண்டல் முகம் மாறாமல் அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கப்பலில் இருந்த ஆங்கிலப் பத்திரிகைகளை எல்லாம் சத்தமில்லாமல் சேகரித்து ஒளித்தும் வைத்தார்.

என் கணிப்பில் கிரிப்பனைப் பிடித்தது இந்தக் கண்கள்தான். தந்தி அந்தக் கண்கள் கண்டதைக் கரைக்குக் கொண்டுபோனது.

அந்தச் செய்தியில் என்னதான் இருந்தது?

ஜூலை 22 அன்று, இங்கிலாந்தின் தென்கோடி முனையான லிசர்டில் இருந்து சுமார் 130 மைல் தள்ளிப் போய்விட்ட நிலையில் கெண்டல் அனுப்பச் சொன்ன செய்தியின் சாரம் இது: லண்டன் நிலவறைக் கொலைகாரன் கிரிப்பனும் கூட்டாளியும் மேல்வகுப்பு (சலூன்) பயணிகளில் இருப்பதாக வலுவான சந்தேகம். மீசை எடுத்துவிட்டான், தாடி வளர்கிறது. கூட்டாளி பையன் உடையில், நடத்தையும் உடல்வாகும் சந்தேகமில்லாமல் பெண்.

மாண்ட்ரோஸின் கருவி சுமார் 150 மைல் வரைதான் அனுப்பக்கூடியது. இன்னும் ஓரிரு மணி நேரம் தயங்கியிருந்தால் அந்தக் கப்பல் தன் சொந்தக் குரலில் கரையை எட்டியிருக்காது. செய்தி லிவர்பூலில் இருந்த கப்பல் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது.

பின்னாடி கிளம்பின டியூ எப்படி முன்னாடி போய்ச் சேர்ந்தார்?

வேகமான கப்பல் கிடைத்தது. ஜூலை 23 மாலை லிவர்பூலில் இருந்து லாரென்டிக் கிளம்பியது. டியூ, ‘டியூஹர்ஸ்ட்’ என்ற பொய்ப்பெயரில் அதில் ஏறினார். மாண்ட்ரோஸ் பதினோரு நாளில் கடக்கும் தூரத்தை லாரென்டிக் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கடந்துவிடும். நடுக்கடலில் மாண்ட்ரோஸைத் தாண்டிப் போய், செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்தில் ஃபாதர் பாயின்ட் என்ற இடத்தில் இறங்கிக் காத்திருந்தார். அங்கேதான் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் ஏறுவது வழக்கம்.

ஜூலை 31 ஞாயிறு காலை, பைலட் உடையில் டியூ மாண்ட்ரோஸில் ஏறினார். ‘குட் மார்னிங், டாக்டர் கிரிப்பன்’ என்றார். ஒரு கணம் திகைத்த கிரிப்பன், கடவுளுக்கு நன்றி, எல்லாம் முடிந்தது, இந்தப் பதைப்பை இனித் தாங்க முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார்.

உலகமே பேப்பர்ல படிச்சுதாமே, அவருக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?

இந்தக் கதையின் உச்சமே இதுதான். மாண்ட்ரோஸ் இன்று எங்கே, லாரென்டிக் எவ்வளவு நெருங்கிவிட்டது என்று பத்திரிகைகள் நாள்தோறும் படம் போட்டு எழுதின. கிரிப்பன் என்ன சாப்பிடுகிறார், என்ன படிக்கிறார் என்பதுகூட வெளியானது. லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரிந்த விஷயம், கப்பலில் இருந்த பயணிகளுக்குத் தெரியவில்லை. பத்திரிகைகளைக் கெண்டல் அகற்றிவிட்டதை மேலே சொன்னேன். தந்தி அறைக்கு வருவதும் அவரைத் தாண்டி வெளியே போகாது.

கிரிப்பன் மேல்தளத்தில் உட்கார்ந்து, ஏரியலையும் பொறியின் சடசடப்பையும் கவனித்து, எவ்வளவு அற்புதமான கண்டுபிடிப்பு என்று வியந்ததாகக் கெண்டல் பின்னாளில் சொன்னார். ஒரே சாட்சி கெண்டல்தான். ஆனாலும் நம்பத் தோன்றுகிறது.

போலீஸ் விஷயம் பத்திரிகைக்கு எப்படிப் போச்சு? ரகசியமே இல்லையா?

கிடையாது. பொறி அலைபரப்பி அனுப்பும் செய்தி, கோயில் ஒலிபெருக்கியில் சொன்ன ரகசியம் போல. எல்லைக்குள் கருவி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். அதோடு பத்திரிகைகள் கெண்டலிடம் நேரடியாகவே தந்தியில் விவரம் கேட்டன, அவரும் கொடுத்தார்.

மார்க்கோனி தன் முறையில் அலைவரிசையைப் பொருத்திக்கொண்டால் ரகசியம் காக்கலாம் என்று சொல்லிவந்தார். 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மார்க்கோனியின் ஆலோசகர் ஃபிளெமிங் மேடையில் செயல்விளக்கம் தரத் தயாரானபோது, நெவில் மாஸ்கெலின் என்ற மந்திரவாதி பக்கத்தில் ஓர் இடத்தில் இருந்து குறுக்கே புகுந்தார். ‘எலிகள்’ என்ற சொல்லும், இத்தாலியன் ஒருவன் ஊரை ஏமாற்றினான் என்ற கேலிப்பாட்டும் மோர்ஸில் வந்து இறங்கின. ஃபிளெமிங் கொதித்துப்போனார். மாஸ்கெலின் காட்டிய அதே ஓட்டை வழியாகத்தான் 1910இல் உலகம் கிரிப்பனைப் பின்தொடர்ந்தது.

கனடாவுக்குப் பதிலா நியூயார்க் கப்பல்ல ஏறியிருந்தா?

சிக்கலாகியிருக்கும். கனடா பிரிட்டிஷ் பேரரசின் பகுதி, அதனால் பிரிட்டிஷ் வாரன்டை வைத்து அங்கே பிடித்து அழைத்துவருவது எளிது. அமெரிக்காவில் என்றால் அமெரிக்கக் குடிமகனான அவரை ஒப்படைக்கச் சொல்லி வழக்காட வேண்டியிருக்கும். அதுவும் முடிந்திருக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும். ஆகஸ்டிலேயே டியூ அவர்களை மெகான்டிக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தந்தியால் பிடிபட்ட முதல் குற்றவாளி இவர்தானே?

கம்பியில்லாத் தந்தி என்று சேர்த்துச் சொன்னால் சரி. கம்பித் தந்தியில் அவருக்கு 65 ஆண்டு முன்னோடி உண்டு. 1845 புத்தாண்டு நாளில் ஸ்லவ் அருகே சாரா ஹார்ட் என்ற பெண்ணுக்கு நஞ்சு கொடுத்துவிட்டு ஜான் டாவெல் லண்டன் ரயிலில் ஏறினார். ரயிலைவிட வேகமாகப் பாடிங்டன் நிலையத்துக்குத் தந்தி போனது. அந்தக் கருவியில் ‘கியூ’ எழுத்து இல்லாததால், ‘குவேக்கர்’ மதப்பிரிவினரின் உடையில் இருக்கிறார் என்பதைக் ‘கே’யில் தொடங்கி எழுத வேண்டியதாயிற்று. டாவெல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

ரேடியோவைக் கண்டுபிடிச்சது நம்ம ஜே.சி. போஸ்தானே? இல்ல டெஸ்லாவா?

ஒரே ஆள் என்று தேடினால் கிடைக்க மாட்டார். அலைகள் இருப்பதை 1880களின் இறுதியில் ஹெர்ட்ஸ் காட்டினார். அலையை உணரும் உலோகத்தூள் குழாய் பிரான்லியுடையது. 1894இல் ஆலிவர் லாட்ஜ் லண்டனில் செய்துகாட்டினார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மிகக் குறைந்த அலைநீளங்களில் செய்த சோதனைகள் உலகத்தரமானவை. மார்க்கோனி 1901இல் பயன்படுத்திய பாதரச உணர்கருவிக்கு மூலம் போஸின் கருவி என்று ஆய்வாளர்கள் வலுவாக வாதிடுகிறார்கள்.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1943இல் கொடுத்த தீர்ப்பைக் காட்டிப் பலர் டெஸ்லாவுக்குப் பட்டம் கட்டுகிறார்கள். அந்தத் தீர்ப்பு மார்க்கோனியின் ஒரு குறிப்பிட்ட காப்புரிமையில், அலைவரிசைப் பொருத்தம் பற்றிய கோரிக்கைகளைச் செல்லாது என்றது. அதற்கு லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோரின் முந்தைய வேலை காரணம். ரேடியோவைக் கண்டுபிடித்தது யார் என்று அது தீர்ப்பு சொல்லவில்லை. மார்க்கோனியின் சாதனை வேறு வகை: ஆய்வுக்கூடத்தில் இருந்ததைக் கப்பலுக்குக் கொண்டுவந்து, இரவும் பகலும் வேலைசெய்ய வைத்தார்.

தந்தியை வைத்தா தண்டனை கொடுத்தாங்க?

தந்தி பிடித்துக்கொடுத்தது, அவ்வளவுதான். அக்டோபர் 18 முதல் 22 வரை ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நடந்த விசாரணை மூன்று தடயங்களைச் சுற்றியது. முதலாவது ஹயோசின் என்ற நஞ்சு. நம் ஊர் ஊமத்தையில் இருக்கும் அதே பொருள். ஜனவரியில் கிரிப்பன் ஒரு கடையில் ஐந்து கிரெயின் (ஏறக்குறைய 0.3 கிராம்) வாங்கி, நஞ்சுப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருந்தார். உடலில் ஹயோசின் இருந்தது என்று நஞ்சியல் நிபுணர் வில்காக்ஸ் சாட்சி சொன்னார். இரண்டாவது ஒரு தோல் துண்டில் இருந்த தழும்பு. கோராவுக்கு அறுவைசிகிச்சை நடந்தது உண்மை. அது தழும்பு என்றார் இளம் நோயியல் நிபுணர் பெர்னார்டு ஸ்பில்ஸ்பரி, வெறும் மடிப்பு என்றது எதிர்த்தரப்பு.

மூன்றாவதுதான் கிரிப்பனை வீழ்த்தியது என்பேன். உடல் தாங்கள் குடிவருவதற்கு முன்பே அங்கே கிடந்திருக்கலாம் என்பது அவர் வாதம். உடலோடு கிடந்த பைஜாமாச் சட்டையின் துண்டில் ஜோன்ஸ் பிரதர்ஸ் கடையின் சீட்டு இருந்தது, அதில் ‘லிமிடெட்’ என்ற சொல்லும் இருந்தது. அந்தக் கடை லிமிடெட் கம்பெனியானது 1906இல். கிரிப்பன் குடிவந்தது 1905இல். ஜூரிகள் 27 நிமிடத்தில் குற்றவாளி என்றார்கள். நவம்பர் 23 அன்று பென்டன்வில் சிறையில் தூக்கு.

எத்தெல் என்ன ஆனார்?

தனியாக விசாரிக்கப்பட்டு விடுதலையானார். கிரிப்பன் கடைசிவரை அவருக்கு ஒன்றும் தெரியாது என்றே சொன்னார். அவருடைய கடிதங்களும் படமும் கிரிப்பனோடு புதைக்கப்பட்டன. எத்தெல் 1967 வரை வாழ்ந்தார்.

கோரா ரொம்பக் கொடுமைக்காரி, அதனால்தான் கொன்னார்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோராவைப் பற்றி நாம் கேட்கும் கெட்ட கதைகளில் பெரும்பகுதி கிரிப்பன் தரப்பில் இருந்தும், அந்த மென்மையான கொலையாளியின் காதல் கதையை விரும்பிய எழுத்தாளர்களிடமிருந்தும் வந்தது. மேடையில் அவர் வெற்றிபெறவில்லை, கணவரோடு சண்டை இருந்தது, சரி. ஆனால் நலிந்த கலைஞர்களுக்காக ஓடியாடிப் பணம் திரட்டியவர். ஐந்து மாதம் அவரை விடாமல் தேடிய தோழிகளைப் பற்றி மேலே பார்த்தோம். கொடுமைக்காரிக்கு அப்படி யாரும் அலைய மாட்டார்கள்.

கேப்டனும் கப்பல்களும் பிறகு?

மாண்ட்ரோஸ் 1914 டிசம்பரில் குட்வின் மணல்திட்டில் சிக்கி அழிந்தது. லாரென்டிக் 1917இல் தங்கப் பாளங்களோடு அயர்லாந்து அருகே கண்ணிவெடியில் மூழ்கியது. கெண்டல் 1914 மே மாதம் எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து கப்பலின் கேப்டனாக இருந்தபோது, ஃபாதர் பாயின்ட் அருகே பனிமூட்டத்தில் மோதல் நடந்து 14 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. 1,012 பேர் இறந்தார்கள், கெண்டல் பிழைத்தார். அபாயச் செய்தியைக் கேட்டு உதவி அனுப்பியது ஃபாதர் பாயின்ட் தந்தி நிலையம்.

டிஎன்ஏ சோதனையில் அது கோராவே இல்லைன்னு வந்துச்சாமே? அப்போ நிரபராதியையா தூக்கில போட்டாங்க?

2007இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஃபோரன் குழு, ஸ்பில்ஸ்பரி காலத்துக் கண்ணாடித் தகடு ஒன்றில் இருந்த திசுவை ஆராய்ந்தது. தாய்வழியில் மட்டும் வரும் டிஎன்ஏ, கோராவின் தாய்வழி உறவினர்கள் என்று கண்டறியப்பட்டவர்களோடு பொருந்தவில்லை. திசு ஓர் ஆணுடையது என்றும் சொன்னார்கள். வம்சாவளியைச் சரியாகப் பிடித்தார்களா, நூறாண்டு பழைய தகட்டில் வேறு யாருடைய டிஎன்ஏவாவது கலந்ததா என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். வழக்கை மேல்முறையீட்டுக்கு அனுப்பும்படி வந்த மனுவை அதற்கான பிரிட்டிஷ் ஆணையம் 2009இல் ஏற்கவில்லை. மனுதாரர் போதிய நெருக்கமான உறவினர் இல்லை என்பது காரணம், சோதனை தவறு என்று அது சொல்லவில்லை.

தழும்புச் சாட்சியத்தை இனி நான் நம்பி எடுத்துச்சொல்ல மாட்டேன். இன்றைய நீதிமன்றம் அந்த ஆதாரங்களை வைத்துத் தூக்குத் தண்டனை கொடுத்திருக்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் நிரபராதி என்று சொல்லவும் வாய் வரவில்லை. உடல் கோராவுடையது இல்லையென்றால், 1906க்குப் பிறகு வாங்கிய பைஜாமாத் துணியோடு கிரிப்பனின் நிலவறையில் கிடந்தது யார் என்று அவர் தரப்பில் யாரும் இதுவரை சொல்லவில்லை. தன் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டபோதும், கணவருக்குத் தூக்கு உறுதியானபோதும் கோரா எங்கிருந்தும் ஒரு தந்தி அனுப்பவில்லை.